ஸ்டேஜ் 1 ரீமேப் போட்ட வண்டி எமிஷன் டெஸ்ட்ல பாஸ் ஆகுமா? ஆன்லைன் டியூனிங் கிட் ரிவ்யூ

ரீமேப் (இஞ்சின் கம்ப்யூட்டர்ல இருக்கற செட்டிங்க மாத்தி பவர் கூட்டறது) ரிவ்யூன்னு எத தொறந்தாலும் எத்தன ஹார்ஸ்பவர் ஏறுச்சு, நூற எத்தன செகண்ட்ல தொட்டுச்சுன்னு தான் இருக்கு. அந்த வண்டி அடுத்த எமிஷன் டெஸ்ட்ல நின்னுச்சா விழுந்துச்சான்னு ஒருத்தரும் எழுத மாட்டேங்கறாங்க. எனக்கு தெரிய வேண்டியிருந்தது அது தான், அதனால இந்த ரிவ்யூ முக்காவாசி அத பத்தி தான் இருக்கும். பவர் கதை பின்னாடி கொஞ்சம் வரும், அதுக்காக வந்தவங்க பொறுத்துக்கோங்க.

வாங்குனது ஆன்லைன்ல விக்கிற ஸ்டேஜ் 1 கிட், அதாவது பார்ட்ஸ் எதையும் மாத்தாம சாஃப்ட்வேர மட்டும் மாத்தறது. ஒரு ஓபிடி கேபிள் (வண்டியோட டயக்னாஸ்டிக் சாக்கெட்ல சொருகறது), லேப்டாப்ல போடற சாஃப்ட்வேர், நம்ம வண்டிக்குன்னு ஒரு பேஸ் மேப் (ஆரம்ப செட்டிங் ஃபைல்), அப்புறம் நாம ஓட்டி லாக் (சென்சார் ரீடிங் பதிவு) எடுத்து அனுப்புனா டியூனர் அத பாத்து ஃபைல திருத்தி திருப்பி அனுப்புவார். கம்பெனி பேர் இங்க போடல, இதே மாதிரி கிட் நெறைய பேர் விக்கிறாங்க, எத பாத்து வாங்கணுங்கறது எல்லாத்துக்கும் ஒண்ணு தான். வண்டி டர்போ பெட்ரோல், டைரக்ட் இன்ஜெக்ஷன். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், எக்ஸாஸ்ட், ரெண்டு ஆக்ஸிஜன் சென்சார் எல்லாம் கம்பெனி போட்டு குடுத்தது அப்படியே இருக்கு. இத மனசுல வெச்சுக்கிட்டு மேல படிங்க, ஏன்னா கேட்ட (கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர) கழட்டிட்டு பைப் போட்டவங்களுக்கு இந்த ரிவ்யூவால ஒரு பிரயோஜனமும் இல்ல.

டெஸ்ட்ல பாஸ் ஆச்சு. டெயில்பைப்ல புகைய அளக்கறதும் சரி, வண்டி கம்ப்யூட்டர கேட்டு பாக்கற ஓபிடி செக்கும் சரி, ரெண்டுலயும். ஆனா "பாஸ் ஆச்சு" ன்னு ஒரு வரியில முடிச்சா அது ரிவ்யூ இல்ல, ஏன் பாஸ் ஆச்சுங்கறது தான் விஷயம்.

இந்த மேப்ல என்ன மாத்திருக்காங்கன்னு டியூனர் கிட்ட கேட்டேன், மறைக்காம சொன்னார். பூஸ்ட் (டர்போ குடுக்கற காத்தழுத்தம்) டார்கெட், டார்க் லிமிட், ஃபுல் லோடுல இக்னிஷன் டைமிங், ஃபுல் த்ராட்டில்ல ஃப்யூல் எவ்வளவு ரிச்சா (பெட்ரோல் பங்கு அதிகமா) போகணுங்கறது, அவ்வளவு தான். ஐடில், சாதாரண க்ரூஸ், வார்ம் அப், ஆக்ஸிஜன் சென்சார பாத்து ஈசியூ (இஞ்சின் கம்ப்யூட்டர்) தானே திருத்திக்கற க்ளோஸ்டு லூப் பகுதி, இதுல எதுலயும் கை வைக்கல. இது சோம்பேறித்தனம் இல்லீங்க, எமிஷன் மொத்தமும் அங்க தான் இருக்கு. த்ரீ வே கேட்டலிஸ்ட் ஒரே நேரத்துல மூணு வேல செய்யணும், கார்பன் மோனாக்சைட எரிக்கணும், எரியாத ஹைட்ரோகார்பன எரிக்கணும், நைட்ரஜன் ஆக்சைட ஒடைக்கணும். மொத ரெண்டுக்கும் ஆக்ஸிஜன் வேணும், மூணாவதுக்கு ஆக்ஸிஜன் இருக்கவே கூடாது. அதனால லாம்டா 1ங்கற இடத்த, அதாவது பெட்ரோல் முழுசா எரிய சரியா எவ்வளவு காத்து வேணுமோ அந்த அளவ, ஒட்டி ரொம்ப ஒடுக்கமான ஒரு சந்துக்குள்ள தான் மூணும் ஒண்ணா நடக்கும், சுத்தமான பெட்ரோலுக்கு காத்து 14.7 பங்கு, பெட்ரோல் 1 பங்கு. கொஞ்சம் ரிச் ஆனா கார்பன் மோனாக்சைடும் (சிஓ) ஹைட்ரோகார்பனும் வெளிய வரும், கொஞ்சம் லீன் (காத்து அதிகம்) ஆனா நைட்ரஜன் ஆக்சைடு (நாக்ஸ்) வெளிய வரும். வண்டி செஞ்ச கம்பெனி இஞ்சினியருங்க இந்த சந்துக்குள்ள இஞ்சின ஓட்டறதுக்கு வருஷக்கணக்கா உக்காந்து வேல பாத்திருக்காங்க. அத ஒரு சாயங்காலத்துல ஒருத்தர் "இன்னும் ஸ்மூத் பண்ணித் தரேன்" ன்னு தொட்டா எனக்கு பயமா தான் இருக்கும்.

ஃபுல் த்ராட்டில்ல மட்டும் பெரும்பாலான மேப் ரிச்சா தான் போகும், பழைய கம்பெனி மேப்பே நெறைய வண்டியில அப்படி தான், பிஸ்டனும் டர்போவும் கேட்டும் சூட்டுல போகாம இருக்கணும்ல. ஆனா பெரும்பாலான டெஸ்ட்ல யாரும் ஃபுல் த்ராட்டில் மிதிச்சு அளக்கறது இல்ல. உதாரணத்துக்கு பிரிட்டனோட எம்ஓடி (வண்டி தகுதிச் சோதனை) டெஸ்ட்ல கேட் உள்ள பெட்ரோல் காருக்கு பொதுவான லிமிட் என்னன்னா, 2500லருந்து 3000 ஆர்பிஎம்ல வெச்சு சிஓ 0.2 சதவீதத்துக்குள்ள, ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்குள்ள, லாம்டா 0.97லருந்து 1.03க்குள்ள இருக்கணும், ஐடில்ல சிஓ 0.3 தாண்டக் கூடாது. இத பாத்தாலே புரியும், க்ரூஸ் பகுதிய தொடாத மேப்புக்கு இதுல பயப்பட ஒண்ணுமே இல்ல. ரோலர்ல ஏத்தி லோடு குடுத்து அளக்கற ஊருங்க உண்டு, அங்க நாக்ஸும் பாப்பாங்க, அங்கயும் பார்ட் லோடு தான். ஆக, ரீமேப் பண்ணுனா டெயில்பைப் டெஸ்ட்ல விழும்ங்கறது அரைகுறை பேச்சு, எந்த பகுதிய ரீமேப் பண்ணுனாங்கங்கறத பொறுத்தது. ஒரு சின்ன விஷயம், லாம்டா மட்டும் 1.03 தாண்டி சிஓ நார்மலா இருந்தா உடனே மேப்ப திட்டாதீங்க, எக்ஸாஸ்ட் ஜாயிண்ட்ல லீக் இருந்து வெளிக்காத்து உள்ள இழுத்தாலும் மெஷின் லீன்னு தான் காட்டும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். ஓபிடி செக். இங்க தான் டியூன் பண்ணுன வண்டிங்க கொத்து கொத்தா விழுது, விழறதுக்கும் புகைக்கும் சம்பந்தமே இல்ல.

ஈசியூவ ஃப்ளாஷ் பண்ணுனா (புது ஃபைல உள்ள எழுதுனா) சேமிச்சு வெச்ச ஃபால்ட் கோடு எல்லாம் அழியும், கூடவே ரெடினெஸ் மானிட்டரும் அழியும். மானிட்டர்னா, ஈசியூ தன்னோட எமிஷன் பார்ட்ஸ தானே டெஸ்ட் பண்ணி "இத சோதிச்சு முடிச்சுட்டேன்" ன்னு டிக் போட்டு வெக்கறது. கேட்டலிஸ்ட், எவாப் (பெட்ரோல் ஆவி லீக் சோதனை), ஆக்ஸிஜன் சென்சார், அந்த சென்சாரோட ஹீட்டர், இஜிஆர் (எக்ஸாஸ்ட் கேஸ திருப்பி இஞ்சினுக்குள்ள விடறது) இல்லன்னா விவிடி (வால்வ் டைமிங்க மாத்தறது), இதெல்லாம் ஒவ்வொண்ணும் தனித்தனி. ஃப்ளாஷ் பண்ணுன உடனே எல்லா டிக்கும் போயிடும், வண்டிய அப்படியே டெஸ்டுக்கு கொண்டு போனா "ரெடி இல்ல" ன்னு சொல்லி திருப்பி அனுப்பிடுவாங்க. அமெரிக்க இபிஏ (சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு) வழிகாட்டுதல்ல 2001 மாடல்லருந்து வந்த பெட்ரோல் வண்டிக்கு ஒரே ஒரு மானிட்டர் வரைக்கும் முடியாம இருக்கலாம், 1996லருந்து 2000 வரைக்கும் ரெண்டு. கலிஃபோர்னியா அத விட கறார், 2000 மாடல்லருந்து வந்த பெட்ரோல் வண்டிக்கு எவாப் ஒண்ணுக்கு மட்டும் தான் சலுகை. டெஸ்டுக்கு முன்னாடி ராத்திரி பேட்டரிய கழட்டி மாட்டுனா கோடு போயிடும்னு சொல்ற ஆளுங்க இன்னும் இருக்காங்க, கோடு போகும், மானிட்டரும் சேந்து போகும், அதோட கோடு அழிச்சப்புறம் எவ்வளவு தூரம் ஓடிருக்குன்னும் ஈசியூ சொல்லும், டெஸ்ட் பண்றவருக்கு ஒரே பார்வையில தெரிஞ்சுடும். போதாக்குறைக்கு 2010 வாக்குலருந்து வந்த வண்டிங்கள்ல பெர்மனெண்ட் கோடுன்னு ஒண்ணு இருக்கு, அத ஸ்கேனர் வெச்சு அழிக்கவே முடியாது, அந்த கோளாறு நெஜமாவே சரியாச்சுன்னு ஈசியூ தானே பாத்து தெரிஞ்சுக்கிட்டா தான் போகும்.

இந்த கிட்டோட நல்ல விஷயம் இங்க தான் தெரிஞ்சுது. மேப் போட்டுட்டு சாதாரணமா ஓட்டிக்கிட்டே சின்ன ப்ளூடூத் ஸ்கேனர்ல பாத்துட்டு இருந்தேன், ஆக்ஸிஜன் சென்சார் ஹீட்டர் உடனே முடிஞ்சுது, சென்சார் அடுத்து முடிஞ்சுது. கேட்டலிஸ்ட் மானிட்டர் நேரான ரோட்ல ஒரே வேகத்துல த்ராட்டில ஆட்டாம போயிட்டு இருக்கும்போது, பக்கத்து சீட்ல வெச்சிருந்த ஃபோன்ல "முடியல" ங்கறது "முடிஞ்சுது" ன்னு மாறுச்சு. அதுக்கு முன்னாடி, கேட்டுக்கு பின்னாடி இருக்கற ஆக்ஸிஜன் சென்சார் வோல்டேஜ பாத்தேன், 0.6லருந்து 0.7க்குள்ள கோடு கிழிச்ச மாதிரி நிக்குது, முன்னாடி இருக்கறது பாட்டுக்கு ரிச் லீன்னு வேல பாத்துட்டு இருக்கு. கேட் உயிரோட இருக்குங்கறதுக்கும், மேப் அந்த சென்சார கண்ண கட்டி உக்கார வெக்கலங்கறதுக்கும் இத விட சாட்சி வேணாம்.

எவாப் மட்டும் இழுத்தடிச்சுது, ஆனா அது மேப்போட குத்தம் இல்ல. அது பெட்ரோல் டேங்க்ல ஆவி லீக் ஆகுதான்னு பாக்கற டெஸ்ட், டேங்க் பொதுவா 15லருந்து 85 சதவீதத்துக்குள்ள இருக்கணும், வண்டி நல்லா ஆறி கிடந்திருக்கணும், வெளி சூடும் அதுக்கு ஒத்து வரணும். ஃபுல் டேங்க் போட்டுட்டு எவாப் ஏன் முடியலன்னு பொலம்பறவங்க நெறைய. பாதி டேங்க்ல வெச்சு, ராத்திரி பூரா நிறுத்தி, காலைல எடுங்க, தானா முடியும். முடிஞ்சப்புறம் டெஸ்டுக்கு போற வரைக்கும் ஸ்கேனர்ல "க்ளியர்" பட்டன பக்கத்துல கூட போகாதீங்க.

இதே பட்ஜெட்ல வேற ரெண்டு மூணு இடத்துலயும் விசாரிச்சேன், அது தனி கூத்து. ஒரு இடத்துல "பின் ஆக்ஸிஜன் சென்சார ஆஃப் பண்ணிடலாம், பி0420 (கேட் சரியா வேல செய்யலங்கற ஃபால்ட் கோடு) வரவே வராது, மானிட்டர் எப்பவும் ரெடின்னு காட்டற மாதிரி வெச்சுடலாம்" ன்னு ஃப்ரீயா தர்ற ஆஃபர் மாதிரி சொல்றாங்க. கேட் நல்லா இருக்கற வண்டிக்கு இது எதுக்குய்யா? ஜுரம் இல்லாதவனுக்கு தெர்மாமீட்டர ஒடச்சு குடுக்கற மாதிரி இருக்கு. நாளைக்கு நெஜமாவே மிஸ்ஃபயர் ஆகி எரியாத பெட்ரோல் கேட்டுக்குள்ள போய் அது உருகுனா கூட, கேட் செத்துடுச்சுன்னு சொல்ல டேஷ்போர்டுல லைட்டு எரியாது. சட்டப்படி பாத்தா, அமெரிக்காவுல க்ளீன் ஏர் ஆக்ட்ல இதுக்கு டிஃபீட் டிவைஸ்னு பேரு, செய்யறதும் தப்பு, விக்கிறதும் தப்பு. ஃபோக்ஸ்வேகன் 2015 செப்டம்பர்ல மாட்டுனது இதே வார்த்தையில தான், உலகம் பூரா சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் வண்டிங்க, டெஸ்ட்ல இருக்கோம்னு சாஃப்ட்வேருக்கு தெரிஞ்சா ஒழுங்கா நடந்துக்கும், ரோட்டுக்கு வந்தா நாக்ஸ் லிமிட்ட போல 40 மடங்கு வரைக்கும் போகும்.

நான் வாங்குன இடத்துல இதே கேள்விய சும்மா தூண்டில் போட்டு கேட்டேன், பின் சென்சார ஆஃப் பண்ணி தருவீங்களான்னு. அந்த டியூனர் சாட்ல போட்ட பதில்: "சார், அது நான் பண்றது இல்ல. கேட் இருக்குல்ல, அப்புறம் எதுக்கு ஆஃப் பண்ணணும்? வேணும்னா வேற ஆள பாத்துக்கங்க சார்." காசு தர வந்தவன் கிட்ட இப்படி பேசறவர் கிட்ட தான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு. த்ராட்டில விடும்போது பட பட படன்னு சத்தம் வர்ற மேப்ப பத்தியும் கேட்டேன், அதுக்கும் மறுப்பு, எக்ஸாஸ்ட்டுக்குள்ள பெட்ரோல விட்டு எரிக்கிற வேல, கேட் சூடேறி சாகும்னு சொன்னார். சத்தத்துக்காக வண்டி வெச்சிருக்கறவங்களுக்கு இது மைனஸா இருக்கலாம், எனக்கு ப்ளஸ்.

இப்ப திட்ட வேண்டியத திட்டிடறேன். விக்கிற பக்கத்துல கொட்ட எழுத்துல "எந்த எமிஷன் டெஸ்ட்லயும் பாஸ்" ன்னு போட்டிருக்காங்க பாருங்க, அது சுத்த டூப். ஏன்னா ஈசியூ கிட்ட கேட்டா அது ரெண்டு விஷயம் சொல்லும், ஒண்ணு காலிப்ரேஷன் ஐடி, அதாவது உள்ள இருக்கற சாஃப்ட்வேரோட பேரு, இன்னொண்ணு சிவிஎன், அந்த சாஃப்ட்வேர் மொத்தத்தையும் கணக்கு போட்டு வர்ற ஒரு செக்சம் நம்பர். மேப்ல ஒரு நம்பர மாத்துனாலும் சிவிஎன் மாறிடும். கலிஃபோர்னியாவுல 2021 ஜூலை 19லருந்து ஸ்மாக் செக்ல இத ஒப்பிட்டு பாக்கறாங்க. வண்டி கம்பெனியோட சாஃப்ட்வேராவும் இல்லாம, கார்ப் (கலிஃபோர்னியா காத்து மாசு கட்டுப்பாட்டு போர்டு) குடுக்கற எக்ஸிக்யூட்டிவ் ஆர்டர்ங்கற அனுமதி வாங்குன சாஃப்ட்வேராவும் இல்லன்னா ஃபெயில், புகை எவ்வளவு சுத்தமா இருந்தாலும் சரி. இந்த மேப்புக்கு அந்த ஆர்டர் இல்ல, நான் கேட்டப்புறம் தான் "ஆமா சார் இல்ல" ன்னு ஒத்துக்கிட்டாங்க. டியூனர் அவ்வளவு நேர்மையா இருக்கும்போது விளம்பரம் எழுதுன ஆளு ஏன் இப்படி பண்ணாருன்னு தெரியல. உங்க ஊர் டெஸ்ட்ல சிவிஎன் பாக்கறாங்கன்னா, ஆர்டர் நம்பரோட ஹூடுக்கு கீழ ஒட்டற ஸ்டிக்கர் தர்ற டியூன மட்டும் வாங்குங்க, அந்த மாதிரி இருக்கு, பவர் கொஞ்சம் கம்மியா இருக்கும், மேட்டர் இல்ல.

சாஃப்ட்வேர் விண்டோஸ்ல மட்டும் தான் ஓடும். மேனுவல்னு நாலு பக்கம் குடுத்திருக்காங்க, அதுல பாதி உரிம ஷரத்து. ஃப்ளாஷ் பண்ணும்போது பேட்டரி வோல்டேஜ் விழக்கூடாது, சார்ஜர் இல்லன்னா ஸ்டெபிலைஸ்டு பவர் சப்ளை மாட்டுங்கங்கறது மொத பக்கத்துல செகப்புல இருக்க வேண்டிய விஷயம், அது மூணாவது பக்கத்துல ஒரு மூலையில கிடக்கு. பாதியில கரண்ட் போச்சுன்னா ஈசியூ செத்த கல்லு, பெஞ்ச்ல வெச்சு தான் எழுப்பணும். பழைய ஃபைல மொதல்ல படிச்சு சேவ் பண்ணிக்கிற வசதி இருக்கு, அது நல்லா வேல செய்யுது, எழுதறதுக்கு முன்னாடி செக்சமும் தானே சரி பண்ணிக்குது.

லாக் ரிவிஷன் பத்தி ஒரு வார்த்த. பேஸ் மேப்ல ஐடில்ல லாங் டெர்ம் ஃப்யூல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோல் அளவுல நிரந்தரமா பண்ணிக்கற திருத்தம்) மூணு சதவீதம் பக்கம் ப்ளஸ்ல நின்னுச்சு. நான் அத கேட்டதுக்கு அவர் பழைய ஸ்டாக் லாக அனுப்ப சொன்னார், அதுலயும் கிட்டத்தட்ட அதே அளவு தான் இருந்துச்சு, "வண்டியோட குணம் சார், ரெண்டு பக்கமும் அஞ்சுக்குள்ள இருந்தா விட்டுடுங்க" ன்னு சொல்லிட்டார். வேற ஆளா இருந்தா எம்ஏஎஃப் (உள்ள வர்ற காத்த அளக்கற சென்சார்) டேபிள நோண்டி ட்ரிம்ம ஜீரோவாக்கி காட்டி பேர் வாங்கிருப்பாங்க. நாலாவது கியர்ல எடுத்த லாக்ல ஒரு சிலிண்டர் மட்டும் நாக் ரிட்டார்டு (பெட்ரோல் தப்பா வெடிக்கறத தடுக்க ஈசியூ டைமிங்க பின்னுக்கு இழுக்கறது) கொஞ்சம் காட்டுச்சு, அதுக்கு டைமிங் கொறச்சு ஃபைல் வந்துச்சு, அடுத்த லாக் சுத்தம். ஆனா வார கடைசியில மெசேஜ் போட்டா திங்கக்கிழம வரைக்கும் பேச்சு மூச்சு இருக்காது, அத தெரிஞ்சுக்கோங்க. இன்னொண்ணு, ஒவ்வொரு ரிவிஷன் ஃப்ளாஷ் பண்ணும்போதும் மானிட்டர் மறுபடியும் ஜீரோ, அதனால டெஸ்ட் தேதி பக்கத்துல வந்துட்டா "இன்னும் ஒரே ஒரு ஃபைல்" ங்கற ஆசைய அடக்கிக்கோங்க.

சரி, பவர். டார்க் நடு ஆர்பிஎம்ல நல்லா ஏறிருக்கு, ஓவர்டேக் பண்ண கியர் எறக்க வேண்டிய அவசியம் கொறஞ்சிருக்கு, மேல 6000 தாண்டுனா பெரிய வித்தியாசம் இல்ல, சின்ன டர்போ அங்க மூச்சு வாங்கும், யார் மேப் போட்டாலும் அதான். டைனோ ஷீட்டெல்லாம் நான் எடுக்கல. மெதுவா ஓட்டுனா மைலேஜ் பழைய மாதிரியே இருக்கு, க்ரூஸ் பகுதிய தொடலன்னா மாறறதுக்கு காரணமும் இல்ல, "மைலேஜ் கூடும்" னு விக்கிறவங்கள நம்பாதீங்க.

பெரிய இன்ஜெக்டர், பெரிய கேம், ஸ்டாண்ட்அலோன் ஈசியூ (கம்பெனி ஈசியூவுக்கு பதிலா போடற தனி கம்ப்யூட்டர்)ன்னு போனவங்க இந்த கிட்ட பாக்க வேண்டாம். ஓவர்லாப் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வ் ரெண்டும் ஒண்ணா தொறந்திருக்கற நேரம்) அதிகமான கேம் போட்டா ஐடில்ல ஹைட்ரோகார்பன் ஏறும், பெரிய இன்ஜெக்டர் போட்டா டெட் டைம் (இன்ஜெக்டர் தொறக்க எடுத்துக்கற நேரம்) டேபிள்லருந்து எல்லாம் மறுபடி அளந்து போடணும். ஸ்டாண்ட்அலோன்ல பலதுக்கு ஓபிடி மானிட்டர்னு ஒரு சமாச்சாரமே கிடையாது, டெஸ்ட் மெஷின் ப்ளக்க சொருகுனா பதிலே வராது, இஞ்சின் எவ்வளவு சுத்தமா எரிஞ்சாலும் அங்கயே ரிஜெக்ட். சிக்னல மட்டும் ஏமாத்தற பிக்கிபேக் பாக்ஸ் ஈசியூ ஃபைல தொடாது, சிவிஎன் மாறாது, அதனால அது நல்லதுன்னு சில பேர் சொல்வாங்க. பூஸ்ட் சென்சாருக்கு பொய் சொல்லி ஓட்டற வண்டியில ஈசியூவோட கணக்கு எல்லாமே ஒரு பொய் மேல நிக்கும், எனக்கு அது பிடிக்காது, பிடிச்சவங்க போட்டுக்கோங்க, அதுக்கும் கலிஃபோர்னியாவுல அதே ஆர்டர் நம்பர் வேணும்.

கிட்டோட லைசன்ஸ் ஒரே விஐஎன்னுக்கு (வண்டியோட சேஸிஸ் நம்பருக்கு) பூட்டிருக்கு. வண்டிய வித்தா லைசன்ஸும் வண்டியோட போகும், கேபிள் நம்ம கிட்ட இருந்தாலும் அடுத்த வண்டிக்கு மறுபடி காசு. ஸ்டாக் ஃபைல திருப்பி போடறதுக்கு மட்டும் கூடுதலா எதுவும் கேக்கல, விக்கிறதுக்கு முன்னாடி போட்டுட்டு மானிட்டர் எல்லாம் முடியற வரைக்கும் ஓட்டி குடுங்க, இல்லன்னா வாங்குனவர் மொத டெஸ்டுலயே உங்களுக்கு ஃபோன் போடுவார்.